பழைய பாஸ்வேர்டு யார் கையில்?

அத்தியாயம் 14

போன வெள்ளிக்கிழமை பச்சையப்பன் வீட்டில் நடந்த கூத்து உங்களுக்கு நினைவிருக்கும். மகள் ஜெயப்ரியாவுக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. பி.எஸ்ஸி. முடித்த கையோடு கம்ப்யூட்டர் வேலை. ஆரணியில் அந்தத் தெருவே வாயைப் பிளந்தது. பச்சையப்பனும் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தவர் கண்ணில் மூலையிலிருந்த போன் நம்பர் பட்டது. அது ஜெயக்குமாருடைய நம்பர்.

ஜெயக்குமார் அவருடைய மூத்த மகன். இரண்டு வருடத்துக்கு முன்பு, வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண் சூர்யகலாவைத் திருமலைச் சமணக் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வந்து வாசலில் நின்றான். "இனிமே எங்கயும் என் பேர சொல்லாத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் பச்சையப்பன். அதோடு சரி. தங்கைக்காகக் கம்பெனியின் வெப்சைட்டில் விண்ணப்பம் போட்டதும், அவள் பெயரில் கணக்குத் திறந்ததும், பாஸ்வேர்டு வைத்ததும் அவன்தான் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபத்தில் தலைகால் புரியவில்லை. மனைவி தெய்வநாயகியையும் மகளையும் தறிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"தறி மேல கைய வெச்சி சொல்லுங்க. ரெண்டு பேரும் அவன்கிட்ட பேச மாட்டீங்கன்னு."

சொன்னார்கள். சோறு போடுகிற தறியைத் தொட்டுச் சொன்ன சொல்லை அந்த வீட்டில் யாரும் மீறியதில்லை.

"அவன் போட்ட பூட்டு, சாவியும் அவன்கிட்ட. மொதல்ல அத மாத்து. அப்புறம் வேலைக்குப் போறதப் பத்திப் பேசலாம். இல்லன்னா போளூர்க்காரங்க பொண்ணு கேட்டுகினே இருக்காங்க, ஆவணியில முகூர்த்தம் வெச்சிட வேண்டியது தான்."

இதுதான் போன வாரம் நாம் அந்த வீட்டை விட்டு வந்த இடம்.

இன்று ஆடி இரண்டாவது வெள்ளி. வேலைக்குச் சம்மதம் சொல்லும் படிவத்தை இன்று மாலை ஐந்து மணிக்குள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஜெயப்ரியா காலை பத்தரை மணிக்கு, தெய்வநாயகி நெற்றியில் இட்டுவிட்ட குங்குமம் காய்வதற்குள், கோட்டை மைதானத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்வாணனின் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தாள்.

பழைய பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. அதுவரை வெப்சைட்டைத் திறந்து பார்த்ததெல்லாம் அண்ணன்தான். மறந்துவிட்டது என்ற இடத்தை அமுக்கினாள். அம்மா பிறந்த ஊர் எது என்று கேட்டது. சந்தவாசல் என்று அடித்தாள். புதுப் பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. வைத்தாள். மாற்றப்பட்டது என்று பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. அண்ணன் வைத்ததை அழித்துவிட்டோமே என்று ஒரு நிமிடம் துக்கமாக இருந்தது. துடைத்துக்கொண்டு சம்மதப் படிவத்தைத் திறந்தாள்.

அது வேறொரு பக்கத்துக்குப் போய் மறுபடியும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. புதியதை அடித்தாள்.

தவறு என்றது.

நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தாள். தவறு. வெளியே வந்து வெப்சைட்டில் அதே பாஸ்வேர்டைப் போட்டாள். வா வா என்று கதவைத் திறந்தது. படிவத்துக்குப் போனாள். தவறு. எழுத்து மாறிப்போகிறதோ என்று தமிழ்வாணனைக் கூப்பிட்டு அவர் கையால் அடிக்கச் சொன்னாள். அவர் நாற்பது வயது மனிதர், பாதி ஆரணிக்கு இணையத்தில் பரீட்சை முடிவு பார்த்துச் சொன்னவர். அவர் அடித்ததற்கும் தவறு என்றது. இந்தமுறை கீழே சிவப்பில் ஒரு வரி கூடுதலாக வந்தது.

"இன்னும் ஒரு தடவ தான் பாக்கியாம், ப்ரியா" என்று தமிழ்வாணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அஞ்சாவதும் தப்பாச்சின்னா ஒரு நாளைக்குப் பூட்டிடுமாம். தொடாத. போன் போடு."

கடிதத்தில் உதவிக்கென்று ஒரு நம்பர் இருந்தது. நாற்பது நிமிடம் சங்கீதம் கேட்ட பிறகு ஓர் ஆள் கிடைத்தார். ரஞ்சித்குமார் என்று பெயர் சொன்னார்.

"மேடம், நீங்க மாத்தனது வெப்சைட்ல மாறிடுச்சு. ஆனா ஜாயினிங் ஃபார்ம் அத பாக்காது. டைரக்டரி சர்வர்னு தனியா ஒண்ணு இருக்கு, எல்லாரோட பாஸ்வேர்டும் அங்க தான் இருக்கும். ஃபார்ம் அதுகிட்ட தான் கேக்கும். வெப்சைட்ல மாத்தனா உடனே அங்கயும் மாறணும். இன்னைக்குக் காலையில இருந்து அது போய்ச் சேரல. உங்களுக்கு மட்டும் இல்ல, நிறைய பேருக்கு."

"எப்ப போய்ச் சேரும் சார்?"

"ராத்திரி மொத்தமா ஒரு தடவ ஏத்துவாங்க. காலையில ட்ரை பண்ணுங்க."

"சார், எனக்கு இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுது சார்!"

"அது ஹெச்.ஆர். கையில இருக்கு மேடம். எங்ககிட்ட இல்ல."

ஹெச்.ஆர். நம்பருக்குப் பன்னிரண்டு முறை அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டு மணிக்கு வழக்கமான கரண்ட் கட் வந்தது. யூ.பி.எஸ். பத்து நிமிடம் கூவிவிட்டு அடங்கியது. நாலு மணிக்குத்தான் கரண்ட் வரும். ஜெயப்ரியா எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வெயிலும் தெரியவில்லை, எதிரே வந்த பஸ்ஸும் தெரியவில்லை. டிரைவர் திட்டியதும் காதில் விழவில்லை.

வீட்டில் தெய்வநாயகி அச்சு பிணைத்துக்கொண்டிருந்தாள். நீளவாட்டில் ஓடும் நூலான பாவு ஒன்று நெய்து முடிந்ததும் அதன் கடைசி நூல்களைச் சீப்பு போன்ற அச்சில் அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய இழையோடு, விரலில் சாம்பலைத் தொட்டு, முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்தத் தெருவில் தெய்வநாயகி பிணைத்த இழை அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை.

"இன்னாடி, முடிஞ்சிதா?"

ஜெயப்ரியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் தலையைச் சாய்த்துவிட்டாள். அழுகை முடிந்து பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்துத் தறியில் பச்சையப்பன் நெய்துகொண்டிருந்தார். தறி ஓசை நிற்கவில்லை. ஆனால் மகள் குரல் கேட்டதிலிருந்து அது தாளம் தப்பித் தப்பி வந்தது.

"நான் மாத்திட்டேம்மா. மாறிடுச்சின்னு அதுவே சொல்லுது. ஆனா பாஸ்வேர்டு ரெண்டு எடத்துல கீதாம். ஒரு எடத்துல புதுசு, இன்னொரு எடத்துல இன்னும் பழசே கீது. எனக்குத் தொறக்க வேண்டியது அந்தப் பழசு இருக்கற எடம். புதுசு அங்க போய்ச் சேர நாளைக்கு ஆவும்."

"நாளைக்கு ஆச்சின்னா?"

"நாளைக்கு வேல இல்லம்மா. வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

தெய்வநாயகியின் விரல்கள் முறுக்கிக்கொண்டே இருந்தன. யோசிக்கும்போது அவளுக்குக் கை இன்னும் வேகமாக ஓடும்.

"அங்க பழசு தான இருக்குதுன்ற?"

"ஆமா."

"அப்ப பழச போட்டு உள்ள போயேன். எதுக்கு அழுதுகினு கீற?"

ஜெயப்ரியா தலையைத் தூக்கினாள். காலையிலிருந்து அவளோ, பாதி ஆரணிக்கு முடிவு சொன்ன தமிழ்வாணனோ, சம்பளம் வாங்குகிற அந்த ரஞ்சித்குமாரோ சொல்லாத வார்த்தை இது. மூன்று பேருக்கும் புதியதை எப்படி நுழைப்பது என்பதிலேயே புத்தி இருந்தது. ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது.

"பழசு எனக்குத் தெரியாதேம்மா. அண்ணன் வெச்சது. அண்ணனுக்கு மட்டும் தான் தெரியும்."

"புதுசு பிணையற வரைக்கும் பழைய இழைய அறுக்கக் கூடாதுன்னு இந்த வீட்ல தெரியாதவங்க யாரு? அச்சுல இருக்கறத அறுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறியே" என்று தெய்வநாயகி மகளைத்தான் திட்டினாள். கண் என்னவோ பக்கத்துத் தறியைப் பார்த்தது.

தறி ஓசை நின்றது.

பச்சையப்பன் குழியிலிருந்து ஏறி வந்தார். "யார சொல்ற?"

"யாரையும் சொல்லல."

"அவன் இல்லாம இந்த வீட்ல ஒண்ணும் நடக்காதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து காட்டறீங்களா?"

தெய்வநாயகி சாம்பல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் எதிரே நின்று பேசிப் பழக்கமில்லாதவள். இன்று நின்றாள்.

"நானா மாத்த சொன்னேன்? இந்தப் பொண்ணா மாத்தறேன்னுச்சி? ஒரு போன் போட்டா தீர்ற விஷயம். நான் போட முடியுமா? அது போட முடியுமா? எங்க ரெண்டு பேர் வாயையும் தறி மேல வெச்சி கட்டிட்டீங்க. கட்டாத வாய் இந்த வீட்ல உங்களுது ஒண்ணு தான்."

பச்சையப்பன் தறியைத் திரும்பிப் பார்த்தார். சத்தியம் வாங்கும் அவசரத்தில் தானும் ஒன்று செய்திருந்தால் இப்போது எத்தனை வசதியாக இருந்திருக்கும்!

"நான் பேச மாட்டேன்" என்றார் கடைசியில். திரும்பிப் போய்த் தறிக்குழியில் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. தறிக்கு மேலே பல்பு எரிந்தது. ஜெயப்ரியா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வேலைக் கடிதத்தை நாலாக மடித்து, அப்பாவின் பக்கத்தில், ஊடுநூல் ஓட்டும் நாடாவை வைக்கும் பலகையில் வைத்தாள்.

"ஆவணிக்கே வெச்சிடுங்கப்பா. போளூருக்குச் சொல்லிடுங்க."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இல்லை. கடையில் சாமானைத் திருப்பிக் கொடுக்கிற குரல். ஐந்து வயதில் காய்ச்சல் கண்டு கிடந்தபோதுகூட மருந்து வேண்டாம் என்று வீட்டையே இரண்டாக்கியவள் இவள். பச்சையப்பன் நாடாவைக் கையில் எடுத்தார். வீச முடியவில்லை. மறுபடி எடுத்தார்.

நாலு இருபதுக்கு எழுந்து சட்டையை மாட்டினார். கடிதத்தைப் பையில் செருகிக்கொண்டு மொபெட்டை வெளியே தள்ளினார்.

"ஏறு. ஜல்தி."

தெய்வநாயகி வாசல்வரை ஓடிவந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தமிழ்வாணன் கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. பச்சையப்பன் நின்றபடியே செல்போனை எடுத்து, கடிதத்தின் மூலையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார். முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் ஓய்ந்தது. ஜெயப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணனுக்கு ராத்திரி ஷிப்டு, தூங்கிக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவன் ஷிப்டு உனக்கு எப்படித் தெரியும் என்பார்.

மூன்றாவது முறை எடுத்தான்.

"ஹலோ... யாரு?"

பச்சையப்பன் செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். இரண்டு வருடமாகக் கேட்காத குரல். கொஞ்சம் கனத்திருந்தது.

"ஹலோ?"

"நான் தான்."

"அப்பா? ...அம்மாவுக்கு ஒண்ணும் இல்லியே?"

"எல்லாரும் நல்லா தான் இருக்காங்க. ப்ரியாவுக்கு நீ வெச்சிகினு இருந்த பழைய பாஸ்வேர்டு இன்னா? அஞ்சு மணிக்குள்ள வேணும். இல்லன்னா வேல பூடும்."

"அதுகிட்ட குடுங்கப்பா, சொல்றேன்."

அவர் செல்போனை நீட்டினார். ஜெயப்ரியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினாள். வீம்புக்காக இல்லை. பயந்து செய்தாள். வேலை போனாலும் போகட்டும், தறி மேல் சொன்னதை மீறி வீட்டுக்குக் கெடுதல் வரக் கூடாது.

"அது உன்கிட்ட பேசாது. சத்தியம் பண்ணியிருக்குது. என்கிட்டயே சொல்லு."

"உங்ககிட்டயாப்பா...?"

"ஏன், என்கிட்ட சொல்லக் கூடாததா?"

ஜெயக்குமார் சற்றுத் தயங்கினான். "எழுத்து எழுத்தா சொல்றேன். அப்படியே திருப்பிச் சொல்லுங்க. எல்லாம் சின்ன எழுத்து."

பச்சையப்பன் ஐந்தாவது வரை படித்தவர். ஆங்கில எழுத்துக்கள் தெரியும். சேர்த்துப் படிக்க வராது. மகன் சொல்லச் சொல்ல அவர் சத்தமாகச் சொன்னார். ஜெயப்ரியா ஒரு தாளில் எழுதினாள்.

"பி... ஏ... சி... எச்... ஏ... ஐ..."

அவள் பேனா நின்றது. அப்பாவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதுடி, மணி ஆவுது. ஒய்... ஏ... பி... இன்னொரு பி... ஏ... என். அவ்ளோ தானா? இன்னும் கீதா? ஒண்ணு, எட்டு, ஒண்ணு, ஒண்ணு."

கடைசி நான்கு எண்களை எழுதியதும் ஜெயப்ரியா அவற்றை மறுபடி பார்த்தாள். பதினெட்டு, பதினொன்று. நவம்பர் பதினெட்டு. அந்த நாள் எந்த நாள் என்று அவளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

இப்போது அதற்கு நேரமில்லை. நாலு நாற்பத்தாறு. அடித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. பதினாறு புள்ளிகளை இரண்டு முறை எண்ணினாள். இதுவும் தவறு என்றால் பூட்டிக்கொள்ளும். விரலை என்டரின் மேல் வைத்துவிட்டு அமுக்க முடியாமல் இருந்தாள்.

"அமுக்கும்மா" என்றார் தமிழ்வாணன் மெதுவாக.

அமுக்கினாள்.

திரை வெள்ளையானது. வெள்ளையாகவே இருந்தது. தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். தமிழ்வாணன் மேசையைப் பிடித்துக்கொண்டார். பாதிப் பக்கம் வந்து நின்றது. பிறகு மீதியும் வந்தது. மேலே அவள் பெயர். கீழே படிவம்.

"தொறந்துடுச்சிப்பா!"

பெயர், ஊர், சேரும் நாள் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. சம்மதம் என்ற கட்டத்தில் ஒரு குறி. அனுப்பு. நாலு ஐம்பத்து மூன்றுக்கு ஒப்புகை எண் வந்தது. தமிழ்வாணன் அதை அச்செடுக்க ஓடினார். ஜெயப்ரியா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நாலு மணியிலிருந்து அடக்கிவைத்ததெல்லாம் இப்போதுதான் வந்தது.

பச்சையப்பன் இன்னும் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் வைக்கவில்லை.

"இன்னாடி எழுதின? அத படி" என்றார் மகளிடம்.

அவள் தாளை மடிக்கப் பார்த்தாள்.

"படின்னு சொல்றேன் இல்ல."

"உங்க பேருப்பா. பச்சையப்பன்."

அவர் அந்தத் தாளைப் பார்த்தார். தன் வாயால் தானே ஒவ்வொன்றாகச் சொன்ன எழுத்துக்கள். நெற்றி நரம்பு புடைத்தது.

"என் பேர எங்கயும் சொல்லாதன்னு சொன்னேன் இல்லடா?"

"சொல்லலப்பா" என்றான் ஜெயக்குமார். குரல் உடைந்திருந்தது. "யாரும் பாக்க முடியாத எடத்துல தான் வெச்சிருந்தேன். அடிச்சா புள்ளி தான் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. இன்னைக்குச் சொல்ல வெச்சிட்டீங்க."

பச்சையப்பன் சுவரில் சாய்ந்துகொண்டார். வைத்துவிடலாம் என்று கட்டை விரல் சிவப்புப் பொத்தானைத் தேடியது. தேடிக்கொண்டே கேட்டார்.

"அந்த நம்பரு? ஒண்ணு, எட்டு, ஒண்ணு, ஒண்ணு? நான் பொறந்த நாளு எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

ஜெயப்ரியா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், செல்போனிலிருந்து வாயைத் திருப்பிக்கொண்டு ஜெயக்குமார் யாரையோ அதட்டுவது கேட்டது.

"டேய் பச்சையப்பா! சார்ஜர் ஒயர இழுக்காதடா!"

இந்த அறுபது வருடத்தில் பச்சையப்பனை அப்படிக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. முகம் சிவந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் செல்போனுக்குள் ஒரு குழந்தை கிளுகிளுவென்று சிரித்தது.

பச்சையப்பன் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் கேட்டார். அந்தக் குரலை ஜெயப்ரியா அதுவரை கேட்டதில்லை.

"யாருடா அது... என் பேர வெச்சிகினு சிரிக்கறது?"